எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்

(ராக் இசை ரசிகர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நாற்பது ஆண்டுகளாக ட்ரம்ஸ் வாசித்துத் தம் செவித்திறனில் பாதியை இக்கலைக்கே கொடுத்துவிட்டவரும், அதனால் என் பேச்சிலும் பாதிதான் தமக்குக் கேட்கும் என்று சற்று முன்பு எனக்கு ஆறுதல் சொன்னவருமான மூத்த கலைஞர் அவர்களே, வீட்டில் மனிதர் உட்கார இடமின்றி இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் நம் சேகரிப்பாளர் அவர்களே, அந்த வீட்டில் அவரோடு வாழ்ந்துவரும் பொறுமையின் வடிவமான அவருடைய துணைவியார் அவர்களே, என் உரை எப்போது முடியும் என்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இளைஞர் குழுவினரே, ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்கள் தம் முன்னுரையில் என்னை ராக் இசையின் களஞ்சியம் என்று குறிப்பிட்டார்கள். களஞ்சியத்தில் நெல்லும் இருக்கும், எலியும் இருக்கும். இரண்டையும் இன்று நீங்கள் காண நேரலாம். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ட்ரிப்யூட் ஆல்பம் எனப்படும் காணிக்கைத் தொகுப்புகளையும், பிறர் பாடல்களையே வாசிக்கும் கவர் குழுக்களையும் பற்றி ரசிகர்கள் கொண்டிருக்கும் கருத்துகள் என்பதாகும். இதை மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். முதலாவது, காணிக்கைத் தொகுப்புகள். இரண்டாவது, கவர் குழுக்கள். மூன்றாவது, மறைந்த பாடகரின் உருவத்தையும் குரலையும் கணினியால் மீண்டும் உருவாக்கி மேடையேற்றும் இக்காலப் புதுமை. இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சென்ற ஆண்டும் இதையே சொன்னேன் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

காணிக்கைத் தொகுப்பு என்றாலே முகம் சுளிக்கும் ரசிகர்கள் நம்மில் பலர். பதினைந்து பாடல்களில் இரண்டு தேறும், மீதியெல்லாம் ஒலிப்பதிவு நிறுவனம் தன்னிடம் ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சேர்த்தவை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அதை முழுவதும் மறுக்க என்னாலும் முடியாது. தொண்ணூறுகளில் இத்தகைய தொகுப்புகள் மழைக்காலத்துக் காளான்களைப் போல முளைத்தபோது, மூலக் கலைஞரின் பாடல்களை வாழ்க்கையில் ஒருமுறையேனும் விரும்பிக் கேட்டிருப்பார்களா என்று ஐயுறத்தக்க குழுக்களெல்லாம் அவற்றில் இடம்பெற்றன. ஆனால் அந்த இரண்டு பாடல்கள் என்ன செய்யக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன் 1984ஆம் ஆண்டில் 'ஹல்லேலூயா' என்ற பாடலை வெளியிட்டார். அது இடம்பெற்ற ஆல்பத்தை அவருடைய நிறுவனமே அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. பாடல் ஏறத்தாழக் கேட்பாரற்றுக் கிடந்தது. 1991இல் பிரான்சின் ஓர் இசை இதழ் கோஹனுக்காக ஒரு காணிக்கைத் தொகுப்பை உருவாக்கியபோது, இசைக்கலைஞர் ஜான் கேல் இந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்து, வரிகளை அனுப்புமாறு கோஹனைக் கேட்டார். தொலைநகலில் பதினைந்து பக்கங்கள் வந்து விழுந்தன. அவற்றிலிருந்து தமக்கு வேண்டியவற்றைப் பொறுக்கியெடுத்துப் பியானோவோடு கேல் பாடிய வடிவத்தைக் கேட்டுத்தான் பாடகர் ஜெஃப் பக்லி அதைத் தாமும் பாடத் தொடங்கினார். அவருடைய பதிவு 1994இல் வெளிவந்தது. இன்று உலகமெங்கும் பாடப்படுவது பெரும்பாலும் கேல் தொகுத்த வரிசைதான். ஆக, ஒரு காணிக்கைத் தொகுப்பு இல்லையேல் அந்தப் பாடல் பழைய தட்டு ஒன்றின் இரண்டாம் பக்கத்திலேயே உறங்கியிருக்கும். காணிக்கை என்றதும் மறைந்தவருக்குச் செய்வது என்று எண்ணிவிட வேண்டாம். கோஹன் 2016 வரை வாழ்ந்து, தம் பாடல் அடைந்த பெருமையைக் கண்ணாரக் கண்டார்.

விக்டோரியா வில்லியம்ஸ் என்ற பாடகி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயுற்று, மருத்துவக் காப்பீடு இன்றித் தவித்தபோது, பேர்ல் ஜாம் குழு உள்ளிட்ட பலர் சேர்ந்து அவருடைய பாடல்களைப் பாடி 1993இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அந்த முயற்சியிலிருந்து பிறந்த நிதியம் நலிந்த இசைக்கலைஞர்களுக்கு இன்றுவரை உதவிவருகிறது. காணிக்கைத் தொகுப்பு வெறும் வணிகம் என்று சொல்லும் நண்பர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்? பாடியவர்களைப் போலவே எழுதியவரும் உயிருள்ள மனிதர், அவருக்கும் மருத்துவச் செலவு உண்டு என்று நினைத்துப் பார்த்தவர்கள் செய்த வேலை அது. உப்பிட்டவரை நினைத்தவர்கள் அவர்கள்.

இனி இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். கவர் குழுக்களைப் பொறுத்தவரை ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு, இசைத்தட்டில் கிட்டார் எந்த நொடியில் அழுகிறதோ அதே நொடியில் மேடையிலும் அழ வேண்டும். மற்றக் கட்சிக்கு, அப்படி வாசிப்பதற்கு மனிதர் எதற்கு, தட்டையே சுழல விடலாமே என்பது வாதம். முதல் கட்சியின் பெருமைக்குரிய எடுத்துக்காட்டு, 1997இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவினர் என்றோ ஓர் இரவில் வாசித்த பாடல் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துக்குரிய கருவிகளோடும் மேடை அமைப்போடும் வாசித்துவிட்டு, அது எந்த ஊரில் எந்த நாளில் நடந்த கச்சேரி என்பதை இறுதியில்தான் அறிவிப்பார்கள். ரசிகர்கள் அதுவரை நாளைக் கணித்துத் தமக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் கட்சியினர், லெட் ஸெப்லின் என்ற ராக் குழுவின் பாடல்களை ஜமைக்காவின் ரெகே தாளத்தில் வாசித்த டிரெட் ஸெப்லினைக் காட்டுவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும் என்று சொன்னால் இரண்டு கட்சியும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது.

நகலெடுப்பது கீழான தொழில் என்று சொல்வோருக்கு ஒரே ஒரு செய்தி. ஜூடாஸ் பிரீஸ்ட் குழு, தன் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்த ஒரு ட்ரிப்யூட் குழுவின் பாடகரான டிம் ஓவன்ஸையே 1996இல் தன் பாடகராக ஆக்கிக்கொண்டது. 2007இல் ஜர்னி குழுவின் கிட்டாரிஸ்ட் நீல் ஷோன், மணிலாவில் ஆர்னெல் பினேடா கவர் பாடல்கள் பாடிய காணொளிகளை யூடியூபில் கண்டு அவரை அழைத்தார். பினேடா முதலில் அதை யாரோ செய்யும் கேலி என்றே எண்ணினார். நகல் என்று நாம் ஒதுக்கும் இடத்தில்தான் மூலக் குழுக்களே ஆள் தேடியிருக்கின்றன.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. இது சிறிய கதைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் பீட்டில்ஸ் வேடமிட்ட நான்கு இளைஞர்களின் நிகழ்ச்சிக்கு நண்பர் ஒருவர் என்னை இழுத்துச் சென்றார். நண்பர் இரண்டாம் கட்சி. நகல் என்றாலே கசப்பவர். டிக்கெட்டை யாரோ இலவசமாகக் கொடுத்திருந்ததால் அன்று மட்டும் கொள்கையைத் தளர்த்தியிருந்தார். திரை விலகியதும் ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரிச் செயற்கை முடி, ஒரே மாதிரித் தலையாட்டல். நண்பர் என் காதில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் பாடல் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு துல்லியமாக வாசித்தார்கள். பால் மெக்கார்ட்னி வேடமிட்டிருந்த இளைஞர் பேஸ் கிட்டாரை இடக்கையால் வாசித்தார். இடைவேளையில் அவரே எங்களிடம் வந்து, தாம் பிறப்பால் வலக்கைக்காரர் என்றும், மெக்கார்ட்னியைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு இடக்கையால் வாசிக்கப் பழகியதாகவும், அந்தக் காலத்தில் சாப்பிடுவதற்கும் கதவைத் திறப்பதற்கும்கூட எந்தக் கையை நீட்டுவது என்று குழம்பிப் போனதாகவும் சொன்னபோது, என் நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக் குலுக்கினார்; எந்தக் கையைக் குலுக்குவது என்ற ஐயம் அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

இடைவேளைக்குப் பின் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. தொண்டை கிழியப் பாடி முடித்த ஜான் லெனன் வேடக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே, இந்தப் பாடலை எழுதியவர் யார் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் ஒரே குரலில் லெனன் என்றது. அவரும் மார்பில் கை வைத்துத் தலைவணங்கி அந்தப் புகழை ஏற்றுக்கொண்டார். நான் இருக்கையின் மேல் ஏறி நின்று, இல்லை, அதை எழுதியவர்கள் ஃபில் மெட்லியும் பெர்ட் பெர்ன்ஸும் என்று கத்தினேன். அரங்கில் சட்டென்று அமைதி. காவலாளி ஒருவர் என்னை நோக்கி நடக்கத் தொடங்கினார். இடக்கை இளைஞர் மட்டும் ஒலிவாங்கியருகே வந்து, ஐயா, அவர்கள் எந்தக் குழுவில் வாசித்தார்கள் என்று பணிவோடு கேட்டார். அந்தப் பணிவுதான் என்னை உட்கார வைத்தது. காவலாளியும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்.

கையை மாற்றிப் பழக இரண்டு ஆண்டுகள் செலவிட்ட அந்தக் கலைஞருக்கு, எழுதியவர் பெயரைத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. குற்றம் அவருடையது அன்று; யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தப் பாடலை 1961இல் டாப் நோட்ஸ் என்ற இருவர் குழு முதலில் பதிவு செய்தது. அந்தப் பதிவு பிடிக்காத பெர்ன்ஸ், 1962இல் ஐஸ்லி பிரதர்ஸைத் தாமே பாட வைத்து வெற்றி கண்டார். பீட்டில்ஸ் குழுவினர் அதை 1963 பிப்ரவரி 11 அன்று, நாள் முழுவதும் நடந்த ஒலிப்பதிவின் கடைசியில், சளியால் லெனனின் குரல் உடையும் தறுவாயில் பதிவு செய்தார்கள். அந்த முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 பிறருடையவை. அதாவது இன்று உலகமெங்கும் ட்ரிப்யூட் குழுக்கள் நகலெடுக்கும் அந்தக் குழுவே, ஹாம்பர்க் விடுதிகளில் இரவிரவாகப் பிறர் பாடல்களைப் பாடித் தேர்ந்த கவர் குழுதான். பெர்ட் பெர்ன்ஸ் 1967இன் இறுதியில் தம் 38ஆம் வயதில் இதயநோயால் இறந்தார். இடக்கையும் செயற்கை முடியும் நினைவிருக்கின்றன. உப்பிட்டவரை நினைப்பார் இல்லை.

இது பெயருக்கான ஏக்கம் மட்டும் அன்று, காசுக்கான கணக்கும் ஆகும். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், ஒருமுறை முறைப்படி பதிவாகி வெளிவந்த பாடலை, உரிய தொகையைச் செலுத்தும் எவரும் எழுதியவரைக் கேட்காமலே மீண்டும் பதிவு செய்யலாம் என்று வகை செய்தது. தானியங்கிப் பியானோவை இயக்கும் துளையிட்ட காகிதச் சுருள்களை ஒரே நிறுவனம் கைப்பற்றிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த ஏற்பாடு அது. காணிக்கைத் தொகுப்பு என்ற வகையே அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. பிரதி ஒன்றுக்கு 2 சென்ட் என்று வைத்த அந்தக் கட்டணம் 1970களின் பிற்பகுதி வரை மாறவே இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மேடையில் பாடுவதற்கான கட்டணத்தை அரங்க உரிமையாளர், பாடல் எழுதியவர்களுக்காக வசூலிக்கும் உரிமச் சங்கங்களுக்குச் செலுத்துகிறார். அங்கே என்ன பாடப்பட்டது என்ற பட்டியலைக் குழுவினர் கொடுத்தால் அந்தப் பணம் எழுதியவரைச் சேரும். கொடுக்காவிட்டால், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிப்பவற்றை அளவுகோலாக வைத்துப் பிரித்துவிடும் வழக்கம் உண்டு. அப்போது மறக்கப்பட்டவர் மேலும் மறக்கப்படுகிறார்.

ஆன் பிரெடன் என்ற பெண்மணி 1950களின் இறுதியில் எழுதிய ஒரு பாடலை நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் பாடினார். அவரிடமிருந்து கேட்டு லெட் ஸெப்லின் தன் 1969ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டு, அதை மரபுப் பாடல் என்று உறையில் அச்சிட்டது. எழுதியவர் உயிரோடு இருந்தார்; அவர் பெயர் உறையில் ஏறியது 1990இல். இருபத்தொரு ஆண்டுகள்! மாறாக, நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் நியூயார்க்கில் மின்கருவி தவிர்த்த அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சியில், ஒரு பாடலைப் பாடி முடித்ததும், இது டேவிட் போவியின் பாடல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்; மீட் பப்பெட்ஸ் குழுவின் பாடல்களைப் பாடும்போது அந்தக் குழுவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவரையே மேடைக்கு அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். அப்படியும், தம் கச்சேரிக்கு வந்த இளைஞர்கள் நிர்வாணாவின் பாடலைப் பாடியதற்காகத் தம்மைப் பாராட்டியதாகப் பின்னாளில் போவி எரிச்சலோடு சொன்னார். சொல்லியே இந்த நிலை என்றால், சொல்லாவிட்டால்?

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒவ்வொரு கவர் குழுவும் பாடலுக்கு முன்னோ பின்னோ எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பாடல் பட்டியலை உரிமச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். இதை வலியுறுத்தும் விண்ணப்பம் ஒன்றை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன், சென்ற ஆண்டு பேனா காணாமல் போனதால்.

மூன்றாம் பகுதிக்கு வருவதற்குள் தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். கணினிக் குரல்களைப் பற்றி அடுத்த ஆண்டு அழைத்தால் பேசுகிறேன். இப்போது வாசிக்கவிருக்கும் இளைஞர் குழுவினர், ஒவ்வொரு பாடலுக்கும் எழுதியவர் பெயரை அறிவிப்பதாக எனக்கு வாக்களித்திருக்கிறார்கள். நான் முன்வரிசையில்தான் அமர்ந்திருப்பேன். வணக்கம்.