வடகடல் தாண்டிப் போன ஸ்காட்லாந்துக்காரர்கள்

வணக்கம் நேயர்களே. கூலிப்படை என்று ஒரு சொல் இருக்கிறது. காசு கொடுத்தால் யாருக்காகவும் துப்பாக்கி தூக்குகிறவன் என்ற பொருளில்தான் அதைச் சொல்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் சண்டை போடப் போன பல்லாயிரம் பேரையும் வெகுகாலம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்கலாம். 1589இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கும் டென்மார்க் இளவரசி அன்னாவுக்கும் திருமணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை இல்லாமலேயே, அவருடைய பிரதிநிதியை உட்கார வைத்து, டென்மார்க்கில் ஒரு சடங்கும் நடந்துவிட்டது. ஆனால் பெண்ணை ஏற்றிவந்த கப்பல் புயலில் சிக்கி நார்வே கரையில் ஒதுங்கியது. ஜேம்ஸ் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை, தானே கடலில் இறங்கி நார்வேக்குப் போய் அந்த நவம்பரில் ஆஸ்லோவிலேயே மணம் முடித்தார். அந்தப் புயலைக் கிளப்பிவிட்டவர்கள் சூனியக்காரிகள்தான் என்று சொல்லி டென்மார்க்கிலும் ஸ்காட்லாந்திலும் ஏழைப் பெண்களைப் பிடித்து எரித்ததும் இதே கதையின் பகுதிதான், அதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

அன்னாவின் தம்பிதான் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன். இவரை நமக்கும் கொஞ்சம் தெரியும். தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது இவருடைய ஆட்சியில்தான். ஆக, ஸ்காட்லாந்து மன்னரும் டென்மார்க் மன்னரும் மாமன் மச்சான். நார்வேயும் அப்போது டென்மார்க் முடியின் கீழ்தான் இருந்தது.

சரி, 1611இல் கிறிஸ்டியன் சுவீடன் மீது படையெடுத்தார். சுவீடனுக்கு ஆள் பற்றாக்குறை, ஸ்காட்லாந்தில் ஆள் சேர்க்கத் தரகர்களை அனுப்பினார்கள். மச்சானுக்கு எதிராக ஆள் அனுப்ப ஜேம்ஸ் சம்மதிப்பாரா? தடை போட்டார். அதையும் மீறி அலெக்சாண்டர் ராம்சே, ஜார்ஜ் சின்க்ளேர் போன்றவர்கள் சுமார் 300 பேரைச் சேர்த்துக்கொண்டு 1612 ஆகஸ்டில் நார்வேயின் ரோம்ஸ்டால் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்குகள் வழியாக நடந்தே சுவீடனுக்குப் போய்ச் சேர்வதுதான் திட்டம்.

ஆகஸ்ட் 26, குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் கிரிங்கன் என்ற இடம். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் ஒடுக்கமான பாதை. மேலே உள்ளூர் விவசாயிகள் பதுங்கியிருந்தார்கள். பிரில்லார் குரி என்ற பெண் எதிர்க் குன்றில் நின்று கொம்பு ஊதி அடையாளம் காட்டியதாகவும், அடுக்கி வைத்திருந்த மரங்களும் பாறைகளும் உருண்டு வந்து படையை நசுக்கியதாகவும் அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சின்க்ளேர் அங்கேயே செத்தார். உயிரோடு பிடிபட்டவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களைக் க்வாம் என்ற ஊருக்கு நடத்திப் போய், மறுநாள் ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சியது இருபதுக்கும் குறைவு, அதில் ராம்சே முதலான சிலரைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். செத்தவர்களில் பலர் சரியான ஆயுதம்கூட இல்லாமல், சுவீடனுக்குப் போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடந்துகொண்டிருந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த விவசாயிகளையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை, அன்னியப் படை ஊருக்குள் வந்தால் வீட்டுக்கும் பயிருக்கும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த 300 பேரில் எத்தனை பேர் தாமாகக் கப்பலேறியவர்கள், எத்தனை பேர் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் என்று யோசிக்கும்போது மனசு கனத்துப் போகிறது.

இந்தப் போர் எப்படி முடிந்தது என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 1613 ஜனவரியில் க்னேரெட் என்ற இடத்தில் சமாதானம் ஏற்பட்டது. நடுவில் நின்று பேசியது ஜேம்ஸ் மன்னரின் தூதர்கள். 1603 முதல் இங்கிலாந்துக்கும் அவரே மன்னர், லண்டனில் இருந்துதான் ஆண்டார். டென்மார்க் பக்கம் ராபர்ட் அன்ஸ்ட்ரதர், சுவீடன் பக்கம் ஜேம்ஸ் ஸ்பென்ஸ், இருவருமே ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்காரர்கள். இதில் ஸ்பென்ஸ் யார் தெரியுமா? அதற்குச் சில வருடங்கள் முன்பு சுவீடனுக்காக ஸ்காட்லாந்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர்! அப்புறமும் அப்படித்தான், சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் அவரைத் தன் தூதராக லண்டனுக்கு அனுப்புவார், லண்டன் அரசர் அதே மனிதரைத் தன் தூதராக சுவீடனுக்கு அனுப்புவார். 1627இல் குஸ்தாவ் அடால்ஃபுக்கு இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப்பட்டமான கார்ட்டர் விருதைப் பாசறைக்கே கொண்டுபோய்க் கொடுத்ததும் ஸ்பென்ஸ்தான். ஓலை கொண்டு போகிற கையும் ஆள் திரட்டுகிற கையும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு மன்னர்களும் அதைத் தெரிந்தே நம்பினார்கள். வெறும் காசுக்கு ஓடுகிறவனை யாராவது அப்படி நம்புவார்களா?

இன்னொரு காரணமும் உண்டு, எலிசபெத். ஜேம்ஸுக்கும் அன்னாவுக்கும் பிறந்த மகள், கிறிஸ்டியனுக்கு மருமகள் முறை. ஜெர்மனியின் பாலட்டினேட் இளவரசர் ஃபிரடெரிக்கை மணந்து, 1619இல் கணவரோடு பொஹிமியாவின் அரசியானார். ஒரே குளிர்காலம்தான், 1620 நவம்பரில் புனித ரோமானியப் பேரரசரின் படையிடம் தோற்று எல்லாம் போயிற்று. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் இப்படித்தான் பெரிதானது. தங்கள் மன்னரின் மகளுக்கு நாட்டை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போன ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். டொனால்ட் மெக்கே 1626இல் வடக்கு மலைநாட்டில் திரட்டிய படைப்பிரிவு டென்மார்க்குக்காகப் போரிட்டது. அதில் அதிகாரியாக இருந்த ராபர்ட் மன்றோ பின்னால் 1637இல் தன் போர் அனுபவங்களைப் புத்தகமாகவே அச்சிட்டார், அவர் ஏன் போனார் என்று சொல்லும்போது இந்த எலிசபெத்தின் பெயரும் வருகிறது. சம்பளமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. வீட்டில் இளைய மகனாகப் பிறந்தவனுக்கு நிலம் கிடையாது, ஊரில் பஞ்சம் வேறு. ஆனால் அந்தச் சம்பளமும் பாதி நேரம் பாக்கியிலேயே நின்றது!

1628இல் பால்டிக் கரையில் ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தைப் பேரரசின் தளபதி வாலன்ஸ்டைன் முற்றுகையிட்டார். வானத்திலிருந்து சங்கிலியில் தொங்கினாலும் இந்த ஊரைப் பிடிப்பேன் என்று அவர் சூளுரைத்ததாகக் கதை. உள்ளே மெக்கேயின் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், மன்றோவும் காயப்பட்டார். ஆனாலும் நகரம் விழவில்லை. நேற்றுவரை எதிரிகளாக இருந்த டென்மார்க்கும் சுவீடனும் அந்த ஊருக்காகக் கைகோத்தன. டென்மார்க் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்து வைத்திருந்த மதிலை, சுவீடன் அனுப்பிய ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் லெஸ்லி வந்து பொறுப்பேற்றார். எதிரெதிர் முகாம்களில் இருந்தாலும் ஒரே பேச்சு பேசுகிற சொந்த ஊர்க்காரர்கள்தானே.

இந்த லெஸ்லி முறையான திருமணத்தில் பிறக்காதவர், எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது என்பார்கள். அவர் 1636இல் சுவீடனின் ஃபீல்ட் மார்ஷல், அதாவது மிக உயர்ந்த நிலைத் தளபதி ஆனார். அந்த அக்டோபரில் விட்ஸ்டாக் போரில் சுவீடன் பெற்ற பெரிய வெற்றியில் அவருக்கும், கூடவே போரிட்ட இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிங்குக்கும் முக்கியப் பங்கு உண்டு. முப்பதாண்டுப் போரில் சுவீடனுக்கு மட்டும் 30,000 ஸ்காட்லாந்துக்காரர்கள் வரை போயிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பத்து லட்சம் பேர் அளவுக்கே இருந்த ஒரு நாட்டுக்கு இது எத்தனை பெரிய இழப்பு!

அப்புறம் ஊர் அழைத்தது. 1638இல் மன்னர் முதலாம் சார்லஸ் திணித்த வழிபாட்டு முறையை எதிர்த்து ஸ்காட்லாந்தே கொதித்து எழுந்தபோது லெஸ்லி திரும்பி வந்தார். தனக்கு வரவேண்டிய பாக்கியைச் சுவீடனிடம் ஆயுதமாகவே வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே அனுபவம் உள்ள அதிகாரிகளும் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். தன் சொந்த நாட்டின் படையை எதிர்த்து மன்னரால் நிற்க முடியாமல் போனதற்கு, அந்தப் படை சுவீடனில் பயின்று வந்தது ஒரு பெரிய காரணம்.

ஜேம்ஸ் கிங்கோ மன்னர் பக்கம் நின்றார். பின்னர் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது, லெஸ்லியின் ஸ்காட்லாந்துப் படை நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்தது. 1644 ஜூலை 2, இங்கிலாந்தின் மார்ஸ்டன் மூர். விட்ஸ்டாக்கில் ஒன்றாகப் போரிட்ட இருவரும் அங்கே எதிரெதிராக நின்றார்கள். கிங்கின் பக்கம் தோற்றது. அவர் கப்பலேறி ஹாம்பர்க் போனார், கடைசியில் சுவீடனுக்கே திரும்பிவிட்டார். 1652இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். ரிட்டர்ஹோல்மன் தேவாலயத்தில், அவர் வாளேந்திச் சேவித்த குஸ்தாவ் அடால்ஃபும் உறங்கும் அதே இடத்தில், அவரை அடக்கம் செய்தார்கள்.