எம்ஜிஎம் சிங்கம் உறுமுது, ஆனா குரல் யாரோடது?

வணக்கம் மக்களே! ஹெட்போன் இருந்தா மாட்டிக்குங்க, இன்னைக்கு காதுக்குத்தான் வேலை. ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம்மோட படம் ஆரம்பிக்கறப்போ பிலிம் சுருள் வளையத்துக்குள்ள ஒரு சிங்கம் உறுமும்ல, அதைப் பத்திதான்.

சிங்கம் எம்ஜிஎம்மை விட மூத்தது. கோல்ட்வின் பிக்சர்ஸ் விளம்பரத்தைப் பாத்துக்கிட்ட ஹோவர்ட் டீட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழக விளையாட்டு அணியோட சிங்கத்தை மனசுல வச்சு உருவாக்கின சின்னம் அது. 1924-ல மார்கஸ் லோங்கற தியேட்டர் முதலாளி மெட்ரோ, கோல்ட்வின், மேயர்னு மூணு படக் கம்பெனியையும் இணைச்சு எம்ஜிஎம் ஆக்கினப்போ சிங்கமும் கூடவே வந்துடுச்சு.

முதல் சிங்கம் ஸ்லாட்ஸ், டப்ளின் மிருகக்காட்சி சாலையில பிறந்தது. மௌனப் படக் காலம், சும்மா சுத்திப் பாக்கும், அவ்வளவுதான். 1928-ல வந்த ஜாக்கிதான் முதல்ல சத்தம் போட்டது. 'விசர்ட் ஆஃப் ஓஸ்' கலர் படம்தானே, ஆனா ஆரம்பத்துல ஜாக்கி செபியாவுல, அதாவது பழுப்பு நிறத்துல வரும். கதையோட கான்சாஸ் பகுதி செபியாங்கறதால அப்படி வச்சாங்க. எவ்வளவு கச்சிதமான யோசனை பாருங்க!

நாம பாத்துப் பழகின லியோ 1957-ல வந்தது. பிடரி கம்மியா இருக்கும், வயசு சின்னது. இப்போ விஷயத்துக்கு வரேன். 1982-ல 'போல்டர்கைஸ்ட்' படத்துக்கு சவுண்ட் பண்ண மார்க் மாங்கினி அந்த உறுமலைப் புதுசா உருவாக்கினார். அதுல இருக்கறது புலிச் சத்தம்! சிங்கத்தோட நிஜ கர்ஜனை நீளமா, முனகல் மாதிரி அடுக்கடுக்கா வரும். திரையில நாம எதிர்பாக்கற அந்தச் சீறல் அதுல கிடைக்காது.

இதை எடிட் பண்றவங்க கவனிக்கணும். படம் பழசு, சத்தம் புதுசு. வாய் திறக்கற ஃபிரேம்லயே உறுமல் விழணும். ஒரு ஃபிரேம்னா செகண்டுல 24-ல ஒரு பங்கு. நாலஞ்சு ஃபிரேம் தள்ளிப் போனாலே டப்பிங்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். அடிக்குரல் உறுமலைத் தனி டிராக்ல வைங்க, மேல சீறலை ஏத்துங்க. சீறலை மட்டும் வச்சா பூனை மாதிரி மெலிஞ்சு போயிடும்.

நடுவுல 1960-கள்ல ஒரு வரைஞ்ச சிங்கத்தை வச்சுப் பாத்தாங்க. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஆரம்பத்துல அதைப் பாக்கலாம். அசைவும் இல்ல, உறுமலும் இல்ல. அழகான டிசைன்தான், ஆனா உயிர் இல்லாம போச்சு. படங்களுக்கு நிஜ சிங்கமே திரும்பி வந்துடுச்சு.

2021-ல கம்ப்யூட்டர்லயே சிங்கத்தைச் செஞ்சுட்டாங்க. வளையத்து மேல இருக்கற 'கலை கலைக்காகவே'ங்கற வாசகம் முதல்ல ஆங்கிலத்துல வந்து, அப்புறம் லத்தீனா மாறும். அந்த இடத்துல பாஸ் பண்ணிப் பாருங்க.