26 யூரோ டையும், டை கட்டாத டோனி கிரெகரியும்

வணக்கம் மக்களே. முதலில் இந்தக் கழுத்தைப் பாருங்கள். ஆமாம், டை! எப்போதும் அதே சாம்பல் நிற ஹூடியில் வந்து உட்காருகிறவன், டை இல்லாமல் விருந்துக்குள் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களே என்று 26 யூரோ கொடுத்து இதை வாங்கினேன். பட்டுகூட இல்லை, பாலியெஸ்டர். பக்கத்திலேயே 14 யூரோவுக்கு ஒன்று தொங்கியது, ஆனால் அதில் முழுக்க வாத்துப் படம். வாத்தையே வாங்கியிருக்கலாம்.

அந்தக் கடுப்போடு டப்ளின் சம்மர்ஹில் பக்கம் நடந்து வரும்போதுதான் டோனி கிரெகரி ஞாபகம் வந்தது. பக்கத்து பாலிபோவில் பிறந்தவர். டாயில், அதாவது அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை, அதற்குள்ளேயே டை கட்டாமல் போனவர்!

1979-ல் நகர மன்றத்துக்கு ஜெயித்தார். 1982 பிப்ரவரியில் சுயேச்சையாக டாயிலுக்கு. மொத்தம் 166 இடம், சார்லஸ் ஹாகியின் ஃபியனா ஃபால் கட்சிக்கு 81. பிரதமர் ஆக வேண்டுமென்றால் இந்தப் புது உறுப்பினரின் ஓட்டும் வேண்டும். ஹாகி யார் தெரியுமா, பாரிஸில் சார்வே என்ற விலையுயர்ந்த கடையின் சட்டை போட்ட, மாளிகையில் வாழ்ந்த மனிதர். அவர் சம்மர்ஹில்லில் இருந்த கிரெகரியின் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து பேசினார். அந்தச் சட்டையும் இந்த வெறும் கழுத்தும் எதிரெதிரே இருந்ததை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

வேறு ஆளாக இருந்தால் பதவி கேட்டிருப்பார். இவர் கேட்டது தொகுதியில் 440 வீடு, டப்ளினின் மற்ற பகுதிகளில் 1,600 வீடு, துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலத்தை அரசே எடுத்துக்கொள்வது, அப்புறம் வேலைகள். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்கி, தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் மல்லனைச் சாட்சியாக வைத்து, அதை டாயிலிலேயே படித்துக் காட்டினார். மார்ச் 9-ல் ஓட்டெடுப்பு, 86-க்கு 79 ஓட்டு, ஹாகி பிரதமர்.

"இது பேரம்தானே" என்று கேட்பீர்கள். பேரம்தான் சார். ஆனால் ஊரறியப் படித்துக் காட்டிய பேரம். மூடிய அறையில் நடக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்காது. என்ன, நவம்பரில் அரசே கவிழ்ந்துவிட்டது, பட்டியலில் பலதும் காகிதத்தோடு நின்றது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். கிரெகரி பள்ளி வாத்தியார், ஐரிஷ் மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுத்தவர். சரி, அந்த வாத்தியார் 1986-ல் மவுண்ட்ஜாய் சிறையில் இரண்டு வாரம் இருந்தார். தெருவில் கடை போடும் பெண்களுக்காக நடந்த போராட்டம், இனி ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். டாயில் உறுப்பினர், நடைபாதை வியாபாரிக்காக உள்ளே! இந்த இடத்தில் நான் முழு ரசிகன்.

அதற்குப் பிறகும் தோற்கவில்லை. 82-லிருந்து 2007 வரை எட்டுத் தேர்தல், எட்டிலும் ஜெயித்தார். 2009 ஜனவரி 2-ல் புற்றுநோயில் இறக்கும்போதும் அவர் பதவியில்தான் இருந்தார்.

இப்போது டைக்கு வருவோம். காலையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். பணம் தர மாட்டார்களாம், 26 யூரோவுக்கு அதே கடைக் கூப்பன்தானாம். அந்தக் கடையில் இருப்பதே டையும் பெல்ட்டும்தான். என்ன வாங்கலாம் என்று கீழே சொல்லுங்கள். வாத்து டை என்று எழுதுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன்.