தந்தை முற்றுகையிட்ட மாளிகையில் மகன்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பரப்பளவு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் இன்றைக்கும் சுமார் இரண்டரை லட்சம்தான். அவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் பூர்வகுடிகள். தலைநகர் டார்வினைச் சுற்றியுள்ள வடபகுதிக்கு மழைக்காலம், வறள்காலம் என்று இரண்டே பருவம். இத்தனை எட்டத்தில் இருக்கும் ஊருக்கு என்ன அரசியல் வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பதவி, தேர்தல், சட்டமன்றம் என்று படிப்படியாக வளர்ந்த கதைதானே என்பார்கள். அந்தப் படிக்கட்டுக் கதையின் மீதுதான் எனக்குச் சண்டை.

முதல் படியே கீழே இறங்குகிறது. 1863 முதல் இந்தப் பகுதியைத் தெற்கு ஆஸ்திரேலியா ஆண்டது. கடன் கழுத்தை நெரித்ததால், 1911 ஜனவரி 1 அன்று மத்திய அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. அன்றோடு இங்குள்ளவர்களின் வாக்குரிமையும் போயிற்று. அடிலெய்டில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றத்துக்கும் வாக்கில்லை, மத்திய நாடாளுமன்றத்துக்கும் வாக்கில்லை. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்களும் வாக்களித்து வந்த பகுதி இது. அரசியல் சாசனத்தின் 122-ஆவது பிரிவோ, பிரதேசங்களுக்கு எவ்வளவு பிரதிநிதித்துவம் தருவது என்பதை நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. அடுத்த பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றம் விரும்பவில்லை.

1912-இல் மத்திய அரசு நியமித்த நிர்வாகியாக வந்து சேர்ந்தவர் ஜான் கில்ரூத், கால்நடை அறிவியல் நிபுணர். மனிதர்களைக் கையாள்வது வேறு கலை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். 1918 டிசம்பர் 17 அன்று சுமார் ஆயிரம் பேர் அரசு மாளிகையை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். முன்னால் நின்றவர் தொழிற்சங்கத் தலைவர் ஹரால்டு நெல்சன். நிர்வாகி வெளியே வந்து கணக்குச் சொல்ல வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது கோரிக்கை. வேலி சாய்ந்தது, கூட்டம் உள்ளே புகுந்தது, கில்ரூத் தள்ளுமுள்ளில் சிக்கினார், அவருடைய உருவபொம்மை எரிந்தது. இரண்டு மாதத்தில் அவரைப் போர்க்கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

அரசு மதுக்கடைகளில் பீர் விலை ஏறியதும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பீர் கலகம்’ என்று சிரிப்பது சோம்பேறித்தனம். கேட்க நாதியில்லாத ஊரில் எந்த விலை உயர்வும் அரசியல்தான். வாக்கில்லாமல் வரி எதற்கு என்று கட்ட மறுத்து நெல்சன் 1921-இல் சிறைக்கும் போனார். 1922-இல் பிரதேசத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதில் அமர்ந்தவரும் அவரே. அவர் எழுந்து பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது! அந்த இடத்துக்கு முழு வாக்குரிமை வர 1968 ஆயிற்று.

அவருடைய மகன் ஜாக் நெல்சன் 1949 முதல் 1966 வரை அதே தொகுதியின் உறுப்பினராக இருந்தார். பிறகு 1973-இல் நிர்வாகியாகவே நியமிக்கப்பட்டார். தந்தை கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு நுழைந்த மாளிகையில் மகன் குடியேறினார். 1974-இல் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமும், 1978 ஜூலை 1 அன்று தன்னாட்சியும் வந்தன. கதையை இங்கே முடித்தால் எவ்வளவு அழகு! வரலாறு எழுதுபவன் விழித்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே.

ஏனென்றால் 1918-இல் உரிமை கேட்ட அந்தக் கூட்டம் பூர்வகுடிகளுக்காகக் கேட்கவில்லை. 1953-இல் வந்த நலச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஆட்களை அரசின் காப்பில் வைக்க நிர்வாகிக்கு அதிகாரம் தரும் அந்தச் சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்வதில்லை. வாக்குரிமை உள்ளவர்களைக் காப்பில் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. அன்றைக்கு யாருக்கு வாக்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1957-இல் வெளியான, காப்பில் வைக்கப்பட்டவர்களின் பட்டியலில் பூர்வகுடிகளின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டன. பொலிகாளைப் பதிவேட்டின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பட்டியலை ஊரார் ஏளனம் செய்தார்கள்.

1963-இல் பாக்சைட் சுரங்கத்துக்காக ஆர்னம் நிலம் என்னும் பூர்வகுடி வட்டாரத்தின் ஒரு பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, இர்க்கலாவின் யோல்ங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டியிருந்தார்கள். எங்கள் மொழியிலும் உங்கள் மொழியிலும் எழுதியிருக்கிறோம், நிலம் யாருடையது என்று ஓவியம் சொல்லும் என்பதுதான் அதன் பொருள். அவையில் வைத்தவர் ஜாக் நெல்சன். கையெழுத்திட்டவர்கள் அந்தச் சமூகத்தின் பிரதிநிதிகள்தானா என்று அமைச்சர் தரப்பு ஐயம் கிளப்பியது. உடனே பெரியவர்களின் கைரேகையோடு இன்னொரு மனு வந்தது. சுரங்கம் நிற்கவில்லை, 1971-இல் வழக்கும் தோற்றது. ஆனாலும் அந்தத் தோல்வியின் தொடர்ச்சியாகவே 1976-இல் நில உரிமைச் சட்டம் பிறந்தது. அதை இயற்றியது டார்வின் அல்ல, கான்பராவில் இருக்கும் மத்திய நாடாளுமன்றம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1998 அக்டோபருக்கு வாருங்கள். மாநில அந்தஸ்து வேண்டுமா என்று பிரதேச மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. முந்தைய ஆண்டுதான், டார்வின் நிறைவேற்றிய கருணைக் கொலைச் சட்டத்தை மத்திய நாடாளுமன்றம் ரத்து செய்திருந்தது. மாநிலமாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க முடியாது. டார்வினின் தன்மானம் காயப்பட்டிருந்த நேரம். இருந்தும் மாநில அந்தஸ்து நூலிழையில் தோற்றது. பூர்வகுடிகள் பெரும்பாலும் எதிர்த்தே வாக்களித்தார்கள். நில உரிமைச் சட்டம் டார்வின் அரசியல்வாதிகளின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஒருவருக்குத் தன்னாட்சியாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுப் பண்ணையாரின் ஆட்சியாகத் தெரிந்தது. எட்டத்து அரசும் நிரந்தரத் துணை இல்லை: 2007-இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களுடைய ஊர்களுக்குள் கான்பரா நேரடியாக இறங்கியது.

இந்தக் காலத்தை ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து தொடங்காதீர்கள். வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் 1966-இல் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையின் பூர்வகுடித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறிச் சென்ற பகுதியில்தான் கல்கரிஞ்சி இருக்கிறது. 1998 ஆகஸ்டில் மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் அங்கே கூடி, தங்களோடு நேர்மையாகப் பேசி முடிக்காமல் மாநில அந்தஸ்துக்குச் சம்மதிக்க மாட்டோம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். முதலில் அதைப் படியுங்கள். டார்வின் தலைவர்களின் உரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.