பூட்டு இருப்பது டெம்ப்ளேட்டில்

வணக்கம் நேயர்களே.

யாரோ ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். திறந்தால் தமிழே இல்லை, கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது. அவரிடம் இருந்த ஃபாண்ட் நம்மிடம் இல்லை. பழைய தமிழ் ஃபாண்டுகளோடு மல்லாடியவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. எழுதியது நம்மவர், ஆனால் படிக்க வேறொருவர் தயவு வேண்டும். இதே நிலை ஒரு அரசாங்கத்துக்கே வந்தால்? ஐரோப்பாவில் டிஜிட்டல் இறையாண்மை என்று, அதாவது அரசின் கணினியும் தகவலும் வெளி நிறுவனத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்று பேசுகிறார்களே, அதன் முதல் கேள்வி இதுதான்: மக்களுடைய கோப்பைத் திறக்கும் சாவி யார் கையில்?

இந்தப் பேச்சு வந்தாலே பலரும், கணினியை இயக்குவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸா, மைக்ரோசாஃப்டின் விண்டோஸா என்று கேட்பார்கள். பூட்டு அங்கே இல்லை. அலுவலக டெம்ப்ளேட்டிலும் (முன்பே அமைத்து வைத்த கடித மாதிரி) மேக்ரோவிலும் (அதற்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்) இருக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே கணினிகளில் விண்டோஸின் பழைய பதிப்பான விண்டோஸ் என்.டி. ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தும் காலம் வந்தது. 2003ல் நகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. அந்த முடிவைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்தார். நகராட்சி அசரவில்லை. லிமுக்ஸ் என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். 2013 வாக்கில் 14,000க்கும் மேற்பட்ட கணினிகள் மாறிவிட்டன.

பத்து வருஷம் ஏன் ஆனது? லினக்ஸை நிறுவுவது ஒரு மணி நேர வேலை. நேரத்தை விழுங்கியவை டெம்ப்ளேட்டுகள். துறைக்குத் துறை தனி டெம்ப்ளேட், தனி மேக்ரோ. எண்ணிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் வந்தன.

ஒரு கடிதத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஜெர்மன் அலுவலகத்தில் வரைவுக் கடிதத்திலேயே ரோமன் எண் போட்டு உத்தரவுகள் வரும். ஒன்று, மனுதாரருக்குக் கடிதம். இரண்டு, அதன் நகல் இன்ன பிரிவுக்கு. மூன்று, கோப்பில் சேர்க்க. அச்சடிக்கும்போது மனுதாரருக்குப் போகும் தாளில் கடிதம் மட்டும்தான் இருக்க வேண்டும், இரண்டும் மூன்றும் தெரியக் கூடாது. பிரிவுக்குப் போகும் தாளில் நகல் என்ற தலைப்பு வேண்டும். கோப்புக்குப் போவதில் மூன்றும் இருக்க வேண்டும். வரைவு ஒன்று, அச்சுத் தாள் மூன்று விதம். இடையில் ஒரு உத்தரவைச் சேர்த்தால் எண்களும் தாமாக மாற வேண்டும். இதை வேர்டில் செய்யும் மேக்ரோ இன்னொரு மென்பொருளில் ஓடாது. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

மியூனிக்கில் அப்படியே எழுதினார்கள். வேர்டுக்குப் பதிலாக வைத்த ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச மென்பொருளோடு இணைந்து ஓடும் வோல்முக்ஸ் என்ற நீட்சியை நகராட்சியே உருவாக்கியது. ஊழியரின் பெயர், அறை எண், தொலைபேசி எண் எல்லாம் பணியாளர் அடைவிலிருந்து கடிதத் தலைப்பில் தானாக வந்து விழும். மேலே சொன்ன மூன்று விதத் தாளையும் அதுவே பிரித்து அச்சடிக்கும். பொதுப்பணத்தில் செய்த அந்த வேலையைக் கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று, எல்லோருக்கும் வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இது.

இருந்தும் 2017ல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. லினக்ஸ் தோற்றது என்றே செய்தி பரவியது. நான் அப்படிப் பார்க்கவில்லை. கணினிப் பிரிவு துறைவாரியாகச் சிதறிக் கிடந்தது, பழுது சொன்னால் யார் பொறுப்பு என்றே தெளிவில்லை. வெளி ஆலோசகர்களின் ஆய்விலும் நிர்வாக அமைப்பின் குறைதான் பெரிதாகத் தெரிந்தது. துறைசார் மென்பொருள் விற்பவர்கள் பலர் விண்டோஸுக்கு மட்டுமே எழுதினார்கள். ஒற்றை நகரம் எத்தனை நாள் எதிர்நீச்சல் போடும்?

அடுத்தது ஃபாண்ட். வேர்டில் காலிப்ரி ஃபாண்டில் அடித்த ஒரு பக்கக் கடிதத்தை, ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கிறீர்கள், காலிப்ரி இல்லை. வேறு ஃபாண்ட் வந்து உட்காரும், அதன் எழுத்து சற்று அகலம். வரி உடையும், கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தாவும். பார்த்தவுடனே, "இந்த மென்பொருள் சரியில்லை" என்று தீர்ப்பு வந்துவிடும். மருந்து எளிது: எழுத்துக்கு எழுத்து அதே அகலமுள்ள கார்லிட்டோ இருக்கிறது. கேம்ப்ரியாவுக்கு கலடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ். மூன்றும் இலவசம். மாற்றத்துக்கு முந்தின நாளே எல்லாக் கணினியிலும் போட்டுவிட வேண்டும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். லிப்ரே ஆபிஸ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே நீங்கள் எழுதியது வெறும் உரையாக இருக்கும். அந்தக் கோப்பு வடிவம் 2006லேயே ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின் தரமாகிவிட்டது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம். சாவி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

மியூனிக் பாடத்தை ஜெர்மனியின் வடக்கே உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் பிடித்துக்கொண்டது. 2024 ஏப்ரலில் ஏறத்தாழ 30,000 கணினிகளில் லிப்ரே ஆபிஸ் என்று முடிவு. விண்டோஸை உடனே தொடவில்லை. முதலில் கோப்பு வடிவம், பிறகு அஞ்சல். 40,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கிலிருந்து தண்டர்பேர்டு, ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டற்ற அஞ்சல் மென்பொருள்களுக்கு 2025 அக்டோபருக்குள் மாற்றினார்கள். நடுவில் தடங்கல் வந்தது, ஊழியர்கள் குறை சொன்னார்கள். அத்தனை பெட்டிகளை நகர்த்தினால் வராமல் இருக்காது. லினக்ஸ் கடைசிப் படி.

நேரம் நெருங்குகிறது. பிரான்ஸைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜாந்தர்மரி என்ற காவல்படை 2005ல் ஓப்பன் ஆபிஸுக்கு மாறியது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் வந்தன, எல்லாம் விண்டோஸ் மேலேயே. 2008 முதல்தான் அடியிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை வைத்தார்கள். காவலர் காலையில் வந்து கணினியைத் திறந்தால், தினமும் தொட்டுப் பழகிய அதே ஐகான்கள் அங்கேயே இருந்தன.

நன்றி, வணக்கம்.