டிட் வந்தாச்சுன்னா வென்ட் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. இங்கிலீஷ் பேச வரலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லீங்க, எல்லாம் தெரியும், ஆனா டூ, டஸ், டிட், இஸ், கேன்னு குட்டி குட்டியா துணைவினைங்க இருக்கு பாருங்க, அங்கதான் தடுமாறிடுறாங்க. இன்னிக்கு அத மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன்.

'டிட் யூ வென்ட்'னு கேக்குறாங்க. டிட்னு சொன்னப்பவே நடந்து முடிஞ்சதுன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு வென்ட்? 'டிட் யூ கோ', அவ்ளோதான். 'ஐ டிடின்ட் நியூ' கிடையாது, 'ஐ டிடின்ட் நோ'. 'டஸ் ஷீ நோஸ்'லயும் கடைசி எஸ் வேண்டாம், அத டஸ் ஏற்கனவே வாங்கிக்கிச்சு.

அடுத்து இந்த 'இஸின்ட் இட்'. நாம 'இல்லையா'ன்னு ஒண்ணே ஒண்ண வச்சு எல்லாத்தையும் முடிச்சுடுவோம், அந்தப் பழக்கத்துல அங்கயும் எல்லாத்துக்கும் இஸின்ட் இட் போட்டுடுறோம். கேக்குறவங்களுக்குப் புரியும்தான், ஆனா 'யூ ஆர் கமிங்'னா 'ஆரின்ட் யூ', 'ஹி லைக்ஸ் இட்'னா 'டஸின்ட் ஹி', 'ஷீ கான்ட் டிரைவ்'னா 'கேன் ஷீ', இப்படி மாத்தி மாத்திச் சொல்லிப் பழகிட்டா காதுக்கே வித்தியாசம் தெரியும்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். 'டோன்ட் யூ நோ ஹிம்?'னு ஒருத்தர் கேக்குறார், உங்களுக்கு அவரத் தெரியாது. தமிழ்ல 'ஆமா, தெரியாது'ன்னு சொல்லலாம், ஏன்னா கேட்டவர் சொன்னது சரின்னு நாம ஒத்துக்குறோம். இங்கிலீஷ்ல கேட்டவர் எப்படிக் கேட்டார்ங்கறது கணக்கே இல்ல, விஷயம் உண்டா இல்லையா, அது மட்டும்தான். தெரியாதுன்னா 'நோ, ஐ டோன்ட்'. தெரியும்னா 'யெஸ், ஐ டூ'. 'யெஸ்'னு மட்டும் சொல்லி நிறுத்திட்டீங்கன்னா தெரியும்னு நினைச்சுக்கிட்டு அவர் மேல பேச ஆரம்பிச்சுடுவார், வேலை விஷயமா போன்ல பேசும்போது இது பெரிய குழப்பத்துல கொண்டு போய் விட்டுடும். இதே வகையில இன்னொண்ணு, 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?'. உக்காந்தா உங்களுக்கு ஆட்சேபணையான்னுதான் கேக்குறாங்க, அதனால உக்காரச் சொல்ல 'நோ, நாட் அட் ஆல்'.

கடைசியா ஒண்ணு. 'வேர் இஸ் ஹி'ன்னு நேரா கேட்டா சரி. மரியாதையா 'குட் யூ டெல் மீ'ன்னு ஆரம்பிச்சுட்டா கேள்வி கேக்குற வேலைய குட் எடுத்துக்கிச்சு, பின்னாடி 'வேர் ஹி இஸ்'னுதான் வரணும். 'டூ யூ நோ வாட் டைம் இட் இஸ்', அதுவும் இப்படித்தான்.

நன்றி, வணக்கம்.