எண்பத்து நான்கு ரூபாய்க்காக ஒரு கடிதம்

வணக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் அனுப்பிய மனுவில், மனுக் கட்டணமாக ஒட்டிய பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டாமல் சுருண்டு எழுந்துகொண்டே இருந்ததைச் சென்ற காணொளியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் போட்டுப் பெயர்ந்துபோன சாலையின் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அலுவலக ஏடு) நகலைக் கேட்டிருந்த அந்த மனுவுக்கு, 41ஆம் நாளில், "42 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 84 ரூபாய் செலுத்தவும்" என்று ஒரு கடிதம் வந்தது.

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும், அல்லது நகலுக்கான கட்டணத்தையாவது கேட்டு எழுத வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம்தான். கெடு தவறினால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு. இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். எனவே பணம் கட்டாமல், மனு அலுவலகத்தில் சேர்ந்த தேதியையும் கட்டணக் கடிதத்தின் தேதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பிரிவு எண்ணைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். அந்த விரைவு அஞ்சலுக்கே 84 ரூபாயில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது என்று வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மனுவை நேரில் கொடுக்கத்தான் முதலில் போனேன், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று அலுவலகத்தில் கேட்டதால்தான் திரும்பிவந்து அஞ்சலில் அனுப்பினேன். மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்லியும், 2005 அக்டோபர் 12 முதல் சட்டம் நடைமுறையில் இருந்தும், அதிலும் 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டில், இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

"சாலை ஏன் பெயர்ந்தது என்றே கேட்டிருக்கலாமே" என்று கருத்துப் பகுதியில் பலர் எழுதியிருந்தீர்கள். அப்படிக் கேட்டால் "விளக்கம் கோருவது தகவல் ஆகாது" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும். பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும் என்பதால், கேள்விக்குறியே இல்லாமல் மனு எழுதுவது என் வழக்கம். மேல்முறையீட்டு அலுவலருக்கான மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

நேற்று உறை வந்துவிட்டது, ஒரு ரூபாய்கூடக் கேட்காமல். இருமுறை எண்ணிப் பார்த்தேன். 42 பக்கங்களும் இருக்கின்றன, இரண்டு மட்டும் மங்கல். இந்த நகலில் பதிந்திருக்கும் தார்க் கனத்தையும், தெருவில் உண்மையாகவே கிடக்கும் கனத்தையும் அடுத்த காணொளியில் அளவுகோல் வைத்துப் பார்ப்போம்.